96-ன்னு எழுதிட்டா ஆச்சா?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வேற வரும். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா வந்து படிங்க.

இப்பல்லாம் யாரைப் பார்த்தாலும் "இது எத்தனை கிலோஹெர்ட்ஸ்?"னு கேக்குறாங்க. பாட்டு எப்படி இருக்குன்னு கேட்ட காலம் போயி, ஃபைல் எத்தனைன்னு கேக்குற காலம். 44.1-ன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க. 96-ன்னா முகம் மலருது. 192-ன்னா எந்திரிச்சு நிக்கிறாங்க. கூட வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் தன்கிட்ட இருந்த அத்தனை எம்பி3-யையும் ஒரு மென்பொருள்ல போட்டு 192-க்கு மாத்தி, அதுக்காகவே புதுசா ஹார்ட் டிஸ்க் வாங்கினார். கேட்டா "க்ளாரிட்டி கூடியிருக்கு பாஸ்" என்கிறார். ஹார்ட் டிஸ்க் வித்தவருக்குத்தான் கூடியிருக்கும்.

என் கட்சி இதுதான். ஒலியை ஒரு சாம்பிள் ரேட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பாவம் இல்லை. ஒழுங்கா மாத்தினா நம்ம காதுக்கு வித்தியாசமே தெரியாது. சின்ன எண்ணைப் பெரிய எண்ணா மாத்திட்டு "தரம் கூடிடுச்சு"ன்னு காசு வாங்குறதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மாத்தினதை மட்டும் வச்சுக்கிட்டு மூலத்தைத் தூக்கிப் போடுறது. இந்த ரெண்டும் சேர்ந்து எங்க வீட்டுல என்ன செஞ்சுதுன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி அடிப்படை கொஞ்சம்.

ஒலிங்கிறது ஏறி இறங்குற ஒரு கோடு. கம்ப்யூட்டருக்குக் கோடு தெரியாது, எண்தான் தெரியும். அதனால ஒரு நொடிக்கு இத்தனை தடவைன்னு அந்தக் கோட்டோட உயரத்தை அளந்து அளந்து எழுதி வச்சுக்குது. ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். நொடிக்கு எத்தனை சாம்பிளோ அதுதான் சாம்பிள் ரேட். சிடியில் 44,100. வீடியோவில் பெரும்பாலும் 48,000. பழைய டெலிபோனில் 8,000.

இங்கதான் பலரும் சறுக்குறாங்க. புள்ளி புள்ளியா எடுத்தா நடுவுல இருக்கிறது போயிடாதா, அதிகப் புள்ளி வச்சா கோடு வழவழன்னு வராதா என்பது அவங்க சந்தேகம். நம்ம வாசல் கோலத்தையே எடுத்துக்கோங்க. ஒரே புள்ளிக்குப் பத்து விதமா கோலம் போடலாம். எங்கம்மா போடுறதும் எதிர்வீட்டு அக்கா போடுறதும் ஒண்ணா இருக்காது. ஆனா ஒலியில ஒரு கட்டுப்பாடு இருக்கு. சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் அந்தக் கோட்டுக்குள்ள இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையைப் போட்டுட்டா, அந்தப் புள்ளிகள் வழியா ஒரே ஒரு கோலம்தான் போட முடியும். இன்னொண்ணு கிடையவே கிடையாது. நைக்விஸ்ட் 1928-ல் இதுக்கு அடிப்படை போட்டார், ஷானன் 1949-ல் நிரூபணத்தோட எழுதி வச்சார். இன்ஜினியரிங் படிச்சவங்க அஞ்சாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்த சமாச்சாரம்தான்.

மனுஷக் காது நல்லா இருந்தா 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். எனக்கு 17,000 தாண்டினா ஒண்ணும் கேக்கல, சோதிச்சுப் பாத்தேன். உங்களுக்கும் முப்பதைத் தாண்டியிருந்தா அனேகமா அதே கதைதான். 44,100-ல் பாதி 22,050. அதாவது கேக்குற அத்தனையும் உள்ள அடங்கியாச்சு. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல "தொலைஞ்சு போனது" எதுவும் இல்ல.

அப்ப சாம்பிள் ரேட் மாத்துறதுன்னா என்ன? புள்ளிகளை அழிச்சுட்டு, அதே கோலத்து மேல வேற இடைவெளியில புதுப் புள்ளி வைக்கிறது. கோலம் மாறாது, புள்ளிகளோட இடம்தான் மாறும். நான் பாத்த வரைக்கும் இதை இவ்வளவு எளிமையா யாரும் சொல்றதில்ல, சூத்திரத்தை எழுதிப் பயமுறுத்திடறாங்க.

அது சரி, எதுக்கு 44,100-னு ஒரு கிறுக்கு எண்? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. டிஜிட்டல் ஒலி பிறந்த நேரத்துல, அவ்வளவு தகவலையும் தாங்குற சாதனம்னு கையில இருந்தது வீடியோ டேப்தான். ஒலியைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளா மாத்திப் படம் மாதிரி வீடியோ டேப்புல பதிஞ்சாங்க. ஒரு வரிக்கு மூணு சாம்பிள். அமெரிக்கா, ஜப்பான் முறையில நொடிக்கு 60 தடவை, ஒவ்வொரு தடவையும் பயன்படக்கூடிய 245 வரி. பெருக்கிப் பாருங்க: 60 × 245 × 3. நம்ம ஊர், ஐரோப்பா முறையில 50 தடவை, 294 வரி: 50 × 294 × 3. ரெண்டுமே 44,100! ரெண்டு ஊர் வீடியோ மெஷினுக்கும் பொருந்துற எண் அது. 1982-ல் சிடி கடைக்கு வந்தப்போ அந்த எண்ணே ஒட்டிக்கிச்சு. வீடியோ டேப் போய்ச் சேர்ந்துடுச்சு, அதோட எண் மட்டும் இன்னும் நம்ம கூட இருக்கு.

48,000 சினிமா, டிவிக்காரங்க எண். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 2,000 சாம்பிள். 25 ஃபிரேம்னா 1,920. 30-ன்னா 1,600. எல்லாம் முழு எண். 44,100-ஐ 24-ஆல வகுத்தா 1837.5 வரும். அரை சாம்பிளை எங்க போய் வைக்கிறது? அதனால அவங்க 48-ஐப் பிடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டு குடும்பமும் இன்னைக்கு வரைக்கும் சம்பந்தம் பேசிக்கிட்டே இருக்கு. பாட்டு 44.1, வீடியோ 48. நீங்க கல்யாண வீடியோவுக்கு இளையராஜா பாட்டைப் பின்னணியில வச்சா, எங்கேயோ ஒரு மூலையில சாம்பிள் ரேட் மாற்றம் நடந்தே தீரும். 1997-ல் இன்டெல் கொண்டுவந்த ஏசி97 சவுண்ட் கார்டுகளின் முதல் வடிவத்துக்கு 48,000 மட்டும்தான் தெரியும். அதுல 44.1 ஃபைலைப் போட்டுக் கேட்டவங்க எல்லாரும் மாத்தினதைத்தான் கேட்டாங்க. இப்ப உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனும் எல்லா ஆப்போட சத்தத்தையும் ஒரே ரேட்டுக்குக் கொண்டுவந்து கலந்துதான் வெளிய அனுப்புது. 2012-ல் வந்த ஓபஸ் கோடெக்குக்கு 44,100-ன்னாலே ஆகாது, 48-க்கு மாத்தித்தான் உள்ள விடும். "நான் மாத்தாத ஒலியைத்தான் கேப்பேன்"னு விரதம் இருக்கிறவங்க பாவம், ரொம்ப நாளைக்கு முன்னாடியே விரதம் கலைஞ்சாச்சு.

44,100-ல இருந்து 48,000-க்குப் போறது எப்படி? ரெண்டுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண் 300. வகுத்தா 147-க்கு 160. அதாவது பழைய 147 புள்ளி இருக்கிற இடத்துல புதுசா 160 புள்ளி வைக்கணும். புத்தகக் கணக்குப்படி முதல்ல 160 மடங்கு ஏத்தி (நொடிக்கு 70,56,000 புள்ளி!), ஃபில்டர் போட்டு, அதுல 147-க்கு ஒண்ணு எடுக்கணும். நிஜத்துல எந்த மென்பொருளும் எழுபது லட்சத்தையும் கணக்குப் போடாது. எடுக்கப்போற புள்ளியை மட்டும் போடும். வெட்டியா வேலை பாக்க அது என்ன எங்க டீம் மீட்டிங்கா? :-)

புதுப் புள்ளியோட உயரத்தைக் கண்டுபிடிக்க, சுத்தி இருக்கிற பழைய புள்ளிகள் எல்லாத்தையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்துல கூட்டணும். அந்த விகிதத்தைச் சொல்றது சிங்க் என்கிற வளைவு (சிங்கம் இல்லீங்க, சிங்க்). கொள்கைப்படி அது ரெண்டு பக்கமும் முடிவே இல்லாம நீளும். யாராலும் முடிவில்லாம கூட்ட முடியாது, அதனால ஒரு நீளத்துல நைசா மங்க வச்சு வெட்டுறாங்க. எவ்வளவு நீளமா விடுறோமோ அவ்வளவு துல்லியம், அவ்வளவு நேரம். நல்ல கன்வர்ட்டருக்கும் மட்டமான கன்வர்ட்டருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த வெட்டுல இருக்கு. சோம்பேறி மென்பொருள் இந்த வேலையே வேணாம்னு பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டையும் நேர்கோட்டால இணைச்சு, நடுவுல ஒரு எண்ணை எடுத்துக்கும். காலேஜ் பிராஜெக்ட்ல பாதிப் பேர் இப்படித்தான் எழுதுவோம். மேல் ஸ்தாயி மங்கிப்போகும், இல்லாத சத்தம் வந்து ஒட்டிக்கும்.

எரிக் டி காஸ்ட்ரோ லோப்போ எழுதின 'சீக்ரெட் ராபிட் கோட்', அப்புறம் சாக்ஸ் என்கிற பழைய கமாண்ட் லைன் கருவி, ரெண்டுமே இலவசம், மூல நிரலோட கிடைக்கும். இதுல உசந்த தரத்தைத் தேர்ந்தெடுத்து மாத்தினா, பிழை நம்ம காதுக்கு எட்டாத ஆழத்துல போய் உக்காந்துக்கும். பல வருஷமாவே இது தீர்ந்துபோன பிரச்சனை. எந்த அப்ளிகேஷன் எப்படி மாத்துதுன்னு வரைபடம் போட்டு ஒப்பிடுற 'இன்ஃபினிட் வேவ்' என்கிற தளம் ஒண்ணு இருக்கு. பாருங்க, காசு குடுத்து வாங்குற சில மென்பொருளோட வரைபடம் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

இதுவரைக்கும் மேல ஏத்துற கதை. ஆபத்து இருக்கிறது கீழ இறக்குறதுலதான்.

பழைய படத்துல மாட்டுவண்டியோ குதிரை வண்டியோ வேகமா ஓடும்போது சக்கரம் மட்டும் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, கவனிச்சிருக்கீங்களா? கேமரா நொடிக்கு 24 தடவைதான் பாக்குது. சக்கரத்தோட வேகம் அதுக்குப் பிடிபடல. பிடிபடாததை விட்டுட்டா பரவாயில்ல, தப்பா வேற ஒரு வேகமா காட்டுது. ஒலியிலும் அதேதான். இதுக்கு ஏலியாசிங்னு பேரு. 8,000 ரேட்டுல 4,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும். ஃபில்டர் போடாம 7,000 ஹெர்ட்ஸ் விசிலை உள்ள விட்டா, அது காணாமப் போகாது. மடிஞ்சு 1,000 ஹெர்ட்ஸா வந்து உக்காரும். அப்புறம் அது நிஜமான 1,000-ஆ, மாறுவேஷம் போட்ட 7,000-ஆன்னு யாராலும் சொல்ல முடியாது. பிரிக்க வழியே இல்ல.

அதனால கீழ இறக்கும்போது முதல்ல ஃபில்டர் போட்டு, தாங்காததை எடுத்துட்டு, அப்புறம்தான் புள்ளியைக் குறைக்கணும். நாலுல ஒரு சாம்பிளை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுறது நிரலா எழுதினா ஒரே வரி. ஃபில்டரோட எழுதினா கொஞ்சம் மெனக்கெடணும். அந்த ஒரு வரிதான் எங்க ஆச்சியைத் தின்னுச்சு.

எங்க மாமா 1980-கள்ல துபாய்ல இருந்தார். போன் பேசுறதுன்னா தங்க விலை. அதனால ஊர்ல இருந்து கேசட்ல பேசிப் பதிஞ்சு, அந்தப் பக்கம் போறவங்க கையில குடுத்து அனுப்புவாங்க. அவரு அங்க கேட்டுட்டு, பதிலைப் பதிஞ்சு அனுப்புவாரு. திருநெல்வேலிப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகள்ல கேட்டுப் பாருங்க, இந்தக் கதை இருக்கும். 1988-ல் ஆச்சி பேசின ஒரு கேசட்டை மாமா பத்திரமா திரும்பக் கொண்டுவந்து வச்சிருந்தார். ஒரு மணி நேரம். பாதிக்குப் பாதி ஊர் வம்பு, மிச்சம் வயல், தண்ணி, யாருக்குக் கல்யாணம், எந்த மாடு கன்னு போட்டுது. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே ஆச்சி தவறிட்டாங்க. எனக்கு அவங்க ஒரு போட்டோவும் இந்தக் கேசட்டும்தான். ஆச்சிக்கு முன்பல் ஒண்ணு கிடையாது, வாயில எப்பவும் வெத்தலை. "சாப்ட்டியா ராசா"ன்னு சொல்லும்போது அந்தச் சந்துல ஒரு சின்ன விசில் வரும். சின்ன வயசுல நானும் மாமா பையனும் அந்த விசிலுக்காகவே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேப்போம்.

டேப் ரெக்கார்டர் ரிப்பேர் ஆனப்போ மாமா கேசட்டை ஒரு கடையில குடுத்து டிஜிட்டலா மாத்தினார். கேசட்டுக்கு 400 ரூபாய், "ஹை-ரெஸ் வேணும்னா" கூட 250. மாமா பெரிய எண்ணையே கேட்டு வாங்கிட்டார். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, ரெண்டு ஜிபி. "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே"ன்னு, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சப்போ அத்தை அந்தக் கேசட்டை மத்த பழைய சாமான்களோட போட்டுட்டாங்க. அத்தை மேல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டு ஜிபி ஃபைல் கையில இருக்கும்போது யாரு சந்தேகப்படுவா?

தீபாவளிக்குப் போனப்போ போட்டுக் கேட்டேன். குரல் என்னமோ பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி. விசில் இல்ல. அதுக்குப் பதிலா, ஒவ்வொரு 'ச'வுக்கும் 'ஸ்'ஸுக்கும் ஒரு கரகரப்பு, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி. ஆடாசிட்டியில திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாத்தேன். 5,500 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட நேரா ஒரு சுவர். அதுக்கு மேல 48,000 வரைக்கும் வெறும் இருட்டு. 44,100-ஐ நாலால வகுத்தா 11,025. அதுல பாதி 5,512. அதாவது கடைக்காரர் கிட்ட இருந்த ஏதோ ஒரு கருவியோ மென்பொருளோ 11,025-க்கு இறக்கிடுச்சு. அதுவும் ஃபில்டர் போடாம. சுவருக்குக் கீழ ஒவ்வொரு 'ச'வோட கீற்றும் குளத்துத் தண்ணியில தலைகீழாத் தெரியிற பனைமரம் மாதிரி மடிஞ்சு தொங்குச்சு. 7,000-ல இருந்த விசில் 4,025-ல கிடந்தது, பேச்சுக்கு நடுவுல. அதுக்கப்புறம் அதை 96,000-க்கு ஏத்தி, ஹை-ரெஸ்னு பேரு வச்சு 250 ரூபாய்.

இதுல கணக்கு ஒண்ணு சொல்றேன். 11,025 ரேட், 16 பிட், மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு 79 எம்பி. அதையே 96,000, 24 பிட், ஸ்டீரியோவா ஆக்கினா 2.07 ஜிபி. 26 மடங்கு. அந்த 25 மடங்கு காத்துக்குத்தான் காசு குடுத்திருக்கோம். இன்னும் சொல்லப்போனா, இந்தக் கடைசி ஏத்தம் எதையும் கெடுக்கல. கோலம் அதேதான், புள்ளிதான் ஜாஸ்தி. கெட்டது அதுக்கு முந்தின படியிலயே கெட்டாச்சு. பெரிய எண் செஞ்சது ஒண்ணே ஒண்ணு: கெட்டுப்போனதை மறைச்சுது. ஃபைல் 79 எம்பியா இருந்திருந்தா மாமாவுக்கே சந்தேகம் வந்திருக்கும், கேசட்டும் வீட்டுல இருந்திருக்கும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "சார், இது 96. சிடியை விட ரெண்டு மடங்கு" என்றார். அவர் ஏமாத்தணும்னு செஞ்ச மாதிரி எனக்குத் தோணல, அவருக்கே தெரியல. அது இன்னும் கஷ்டமா இருந்தது. கிழிச்ச சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்துட்டு, மடிப்பு எவ்வளவு நேரா இருக்கு பாருங்கன்னு காட்டுறார்.

நண்பர்கள் சிலர் "இப்பத்தான் ஏஐ இருக்கே, மேல் அதிர்வெண்ணை எல்லாம் மீட்டுக் குடுக்குதே" என்றார்கள். போட்டும் பாத்தேன். குரல் பளிச்சுன்னு ஆச்சு, பொய் சொல்லல. ஆனா அது மீட்கல, ஆயிரக்கணக்கான பேர் குரலைக் கேட்டுப் பழகி, இந்த மாதிரிக் குரலுக்கு இந்த மாதிரி 'ஸ்' இருக்கலாம்னு வரைஞ்சு வைக்குது. அதுல எங்க ஆச்சிக்கு எல்லாப் பல்லும் இருக்கு. மாமா கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டார்.

சரி, அப்ப 96, 192 எல்லாமே டுபாக்கூரா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2007-ல் மேயர், மோரான் என்கிற ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹை-ரெஸ் பாட்டை அப்படியே ஒரு தடவை, நடுவுல 16 பிட் 44.1-க்கு இறக்கி ஒரு தடவை போட்டுக் காட்டி எது எதுன்னு கேட்டாங்க. 554 தடவையில 276 தடவை சரியாச் சொன்னாங்க, அதாவது பூவா தலையா போட்டாலும் இதேதான் வரும். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் இந்த மாதிரி 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து, 52.3 சதவீதம் சரியாச் சொல்றாங்கன்னார். புள்ளியியல்படி அது பூஜ்ஜியம் இல்ல. ஆனா 52.3-ஐ வச்சுக்கிட்டு "திரை விலகின மாதிரி இருந்துச்சு"ன்னு எழுதுறவங்களை என்னன்னு சொல்றது? ஆக் வடிவத்தை உருவாக்கின மான்ட்டி மான்ட்கோமரி 2012-லயே, கேக்குறதுக்கு 192-ல அர்த்தமில்லன்னு நீளமா ஒரு கட்டுரை எழுதினார். நான் அவர் பக்கம்.

பதியிறது வேற, கேக்குறது வேற. ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயாசா, பழைய நாடாக்களை டிஜிட்டலாக்கும்போது குறைஞ்சது 48,000, 24 பிட் வேணும்ங்குது. 96-ல பதியிற காப்பகங்கள் நிறைய. அதுக்கு நியாயம் இருக்கு: பின்னாடி இரைச்சலை நீக்குறது, வேகத்தைத் திருத்துறதுன்னு பல வேலை பாக்கணும், கையில இடம் இருக்கட்டும்னு எடுத்து வைக்கிறாங்க. மூலத்தில இருந்து நேரா 96-ல எடுத்தா அது 96. 11-ஐத் தூக்கி 96-ன்னு எழுதினா அது 11-தான்.

உங்ககிட்ட இருக்கிற ஹை-ரெஸ் நிஜமான்னு பாக்கணும்னா ஸ்பெக்ட்ரோகிராம் போதும். ஒரு எச்சரிக்கை: மேல இருட்டா இருந்தாலே மோசடின்னு முடிவு கட்டிடாதீங்க. சாதாரணக் கேசட்ல 15,000-க்கு மேல பெருசா எதுவும் இருக்காது. ஆனா இயற்கையா மங்கும்போது மலைச்சரிவு மாதிரி மெதுவா இறங்கும். யாரோ மாத்தினதுன்னா கத்தியால வெட்டின மாதிரி நேரா நிக்கும், அதுவும் 5,512, 11,025, 22,050-ன்னு ஏதாவது ஒரு தெரிஞ்ச எண்ணுல.

இன்னொரு வகை விபத்தும் இருக்கு, அது கொஞ்சம் காமெடி. ஃபைலை மாத்தாம, அதோட தலைப்புல இருக்கிற எண்ணை மட்டும் மாத்திட்டா? 44,100-ல எடுத்ததை 48,000-ன்னு நம்பி ஓட விட்டா வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒரு கட்டையில பாடினவர் ஒன்றரைக் கட்டையையும் தாண்டி, ரெண்டு கட்டைக்குப் போற வழியில எங்கேயோ நிப்பார், எந்தச் சுருதிப் பெட்டியோடவும் சேராம. "அந்தக் காலத்துல எல்லாரும் எவ்வளவு துரிதமாப் பாடியிருக்காங்க பாருங்க"ன்னு கீழ ஒருத்தர் சிலாகிச்சிருப்பார். இது நல்ல விபத்து. எண்ணைத் திருத்தினா எல்லாம் பழையபடி வந்துடும், ஒரு புள்ளிகூடத் தொலையல.

நம்மள்ல பல பேர் இப்ப பாட்காஸ்ட், கதை வாசிப்புன்னு ஒலிப்பக்கம் போயிட்டோம், அதனால நான் செய்யிறதைச் சொல்லிடறேன். வீடியோவுக்குப் போகும்னா தொடக்கத்துலயே 48,000-ல பதியிறேன். வேலை முடியிற வரைக்கும் ரேட்டை மாத்துறதில்ல. கடைசியில ஒரே ஒரு தடவை, நல்ல கன்வர்ட்டர்ல. மாத்துறதுக்கு முன்னாடி ஒலியை ஒண்ணு ரெண்டு டெசிபெல் குறைச்சுக்குவேன். புள்ளி இடம் மாறும்போது, ரெண்டு பழைய புள்ளிக்கு நடுவுல ஒளிஞ்சிருந்த உச்சி மேல புதுப் புள்ளி போய் உக்காந்து, அது எல்லையைத் தாண்டி வெட்டுப்படும். 24 பிட்ல இருந்து 16-க்கு இறக்கினா டிதர் போடணும் (அது தனிப் பதிவுக்கான விஷயம், இன்னொரு நாள்). மாத்தாத மூலத்தை ஃப்ளாக்ல ரெண்டு இடத்துல வச்சிருக்கேன். மணிக்கணக்கான பேச்சானாலும் சில ஜிபிதான். இன்னைக்கு அது ஒரு காசா?

மாமா வீட்டுல இன்னும் 14 கேசட் பாக்கி இருக்கு. பெரும்பாலும் மாமா துபாய்ல இருந்து பேசி அனுப்பினது. போன மாசம் வேற ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ரெண்டே கேள்வி. எந்த ரேட்ல பதிவீங்க? பதிஞ்ச ஃபைலை வேற எதுக்கும் மாத்தாம அப்படியே குடுப்பீங்களா?

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் சார். உங்களுக்கு 192 போட்டுத் தந்துடறேன்."

கேசட்டை எல்லாம் பையில திரும்பப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். பழைய டெக் ஒண்ணு வாங்கியிருக்கேன், பெல்ட் மட்டும் மாத்தணும். சென்னையில நல்ல பெல்ட் எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க மக்கா.